காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையத்தின் பெயர்த் தேடல் சேவை: ஒரு மதிப்பீடு

உலகப் போர்களில் உயிர்நீத்த படைவீரர் ஒருவரைத் தேடும் குடும்பங்களுக்கு, காமன்வெல்த் போர்க் கல்லறைகள் ஆணையம் தன் இணையதளத்தில் வழங்கும் பெயர்த் தேடல் சேவையைத் தயக்கமின்றிப் பரிந்துரைக்கிறேன். 1917இல் தொடங்கப்பட்ட இந்த ஆணையத்தின் செலவை இந்தியா உட்பட ஆறு நாடுகள் பகிர்ந்துகொள்கின்றன. ஏறத்தாழ 17 லட்சம் பேரின் பதிவுகளை எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம்.

நாயக் என்ற படைப் பதவியில் இருந்த யஷ்வந்த் காட்கேயின் பதிவையே எடுத்துக்கொள்வோம். மராத்தா இலகு காலாட்படையைச் சேர்ந்த அவர், 1944 ஜூலை 10 அன்று இத்தாலியின் மேல் டைபர் பள்ளத்தாக்கில், தன் பிரிவினர் அனைவரும் மாண்டோ காயமுற்றோ விழுந்துவிட்ட பிறகு, எதிரியின் இயந்திரத் துப்பாக்கி நிலையைத் தனியாளாகத் தாக்கினார். கையெறிகுண்டு வீசினார், டாமி எனப்படும் கைக்கடக்கமான இயந்திரத் துப்பாக்கியால் சுட்டார். தோட்டாக்கள் தீர்ந்து, மாற்றிப் போட நேரமில்லாத நிலையில், அந்தத் துப்பாக்கியாலேயே எஞ்சிய இருவரை அடித்து வீழ்த்தினார். பிறகு மறைந்திருந்து சுட்டவர்களின் குண்டுகளுக்கு இரையானார். அப்போது அவருக்கு வயது 22. பிரிட்டனின் மிக உயர்ந்த வீர விருதான விக்டோரியா கிராஸ் பதக்கம் அவர் இறந்த பின்னரே வழங்கப்பட்டது. அவருடைய கல்லறை எங்கே என்று தெரியாததால், அதே நிலையிலுள்ள நாலாயிரத்துக்கும் மேற்பட்டவர்களோடு கசீனோ நினைவகத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது.

இணையதளத்தில் பெரும்பாலான வீரர்களின் பக்கங்களில் வீர வசனம் எதுவும் இல்லை. பெயர், பதவி, படை எண், படைப்பிரிவு, இறந்த நாள், பெயர் இருக்கும் நினைவகம் என்று சுருக்கமான வரிகள்தான். புகழுரைகள் எல்லா வீரர்களையும் ஒரே அச்சில் வார்த்துவிடுகின்றன. படை எண்ணும் நாளும் இடமுமோ அந்த ஒருவரை மட்டுமே சுட்டுகின்றன. எனக்கு இந்தச் சிக்கனம் மிகவும் மதிக்கத்தக்கதாகத் தோன்றுகிறது.

ஆனால் எல்லாப் பதிவுகளும் ஒரே தரத்தில் இல்லை. பெற்றோர் பெயர், ஊர், வயது ஆகியவை பல இந்திய வீரர்களின் பக்கங்களில் காணப்படுவதில்லை. தேடலுக்கு ஆங்கில எழுத்தைத்தான் பயன்படுத்த வேண்டும். முத்துசாமி என்ற பெயரை அன்றைய எழுத்தர் எப்படி எழுதினாரோ அப்படித் தட்டினால்தான் எளிதில் கிடைக்கும். ஆகவே படை எண் வீட்டில் இருந்தால் அதையே முதலில் இட்டுப் பாருங்கள். இல்லையென்றால் படைப்பிரிவையும் இறந்த ஆண்டையும் கொண்டு வடிகட்டுங்கள். பர்மாப் போரில் மறைந்தவரென்றால், யங்கோன் அருகே தௌக்கியான் கல்லறைத் தோட்டத்திலுள்ள ரங்கூன் நினைவகத்தைத் தேர்ந்தெடுத்துத் தேடுவது நல்லது. கல்லறை அறியப்படாத ஏறத்தாழ 27,000 பேரின் பெயர்கள் அங்கே உள்ளன.

முதல் உலகப் போரைச் சேர்ந்தவரைத் தேடினால் ஏமாற்றத்துக்கும் ஆயத்தமாக இருக்க வேண்டும். இராக்கிலுள்ள பாஸ்ரா நினைவகத்தில் பிரிட்டிஷ் வீரர்களின் பெயர்கள் செதுக்கப்பட்டன. இந்தியச் சிப்பாய்களோ எண்ணிக்கையாக மட்டுமே குறிக்கப்பட்டார்கள். ஆப்பிரிக்க, ஆசிய வீரர்கள் பலருக்குச் சமமான நினைவுச் சிறப்பு மறுக்கப்பட்டதை 2021இல் ஆணையமே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. அந்த நேர்மையைப் பாராட்டுகிறேன். ஆனால் நூறாண்டு கழித்து வந்த மன்னிப்பு, மகன் எங்கே கிடக்கிறான் என்றே அறியாமல் போய்ச் சேர்ந்த தாய்மார்களை எட்டப் போவதில்லை.

விடுபட்டவர்களைச் சான்றுகளோடு சேர்க்க ஆணையம் விண்ணப்பங்களை ஏற்கிறது. பழைய ஓய்வூதியத் தாள், படையிலிருந்து வந்த கடிதம், பதக்கத்தின் விளிம்பில் பொறித்த எண் ஆகியவற்றைப் பரணில் இருந்து எடுத்துப் படம்பிடித்து வையுங்கள். சென்னையில் இருப்பவர்கள் நந்தம்பாக்கத்தில் இதே ஆணையம் பராமரிக்கும் போர்க் கல்லறைத் தோட்டத்துக்கும் ஒருமுறை சென்று வரலாம். முதல் உலகப் போரில் இறந்த ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அங்குள்ள நினைவகத்திலும் இருக்கின்றன.