மொட்டைமாடிக்குக் கீழே ஐந்து கோடைகள்: வெள்ளைப் பூச்சும் நிழல்வலையும்

வேலூர் சத்துவாச்சாரியில் பழைய வீடொன்றின் மேல்தளத்தை வாங்கி நாங்கள் குடியேறியது 2020 டிசம்பரில் என்பதால், அந்த வீட்டின் உண்மையான குணம் மறு ஆண்டு ஏப்ரல் வரை எங்களுக்குத் தெரியவில்லை. ‘மரமில்லா மலை, நீரில்லா ஆறு’ என்று ஊரார் தங்களைத் தாங்களே கேலி செய்துகொள்ளும் இந்த ஊரில், மே 4 வாக்கில் கத்திரி பிறப்பதற்கு முன்பே வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது புதிதன்று. ஆனாலும் பகல் வெயிலைவிட இரவு பத்து மணிதான் எங்களை அதிகம் வாட்டியது. வெளியே காற்று தணிந்த பிறகும், நாற்காலியில் ஏறிப் படுக்கையறைக் கூரையின் அடிப்பக்கத்தைத் தொட்டால், அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று நேரமான இட்லிப் பானையின் மூடியைத் தொட்டாற்போல் இருந்தது. பகல் முழுதும் கான்கிரீட் குடித்த வெயிலை இரவில் எங்கள் மேல் இறக்கிக்கொண்டிருந்தது. மின்விசிறியோ அந்தச் சூட்டையே சுழற்றிக் கீழே தள்ளியது.

இதற்கு முதலில் ஏர் கூலர் வாங்கினோம். கருவியில் குறையில்லை, நாங்கள் அதை வாங்கிய வரிசைதான் தவறு. ஈரத் தட்டியின் வழியே காற்றை இழுத்து, நீர் ஆவியாகும்போது அந்தக் காற்றின் சூட்டை எடுத்துக்கொள்வதுதான் கூலரின் வேலை என்பதால், காற்று வறண்டிருந்த ஏப்ரல் பிற்பகல்களில் அது நன்றாகவே உழைத்தது. கோடைமழைக்கு முந்தைய புழுக்க நாள்களிலோ படுக்கை விரிப்பு பிசுபிசுத்ததுதான் மிச்சம். எதிரெதிர்ச் சன்னல் ஒன்றைத் திறந்து வைக்காமல் அதை ஓட்டினால் அறை ஆவி பிடிக்கும் அறையாகிவிடும் என்பதைக் கற்றுக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. எங்கள் ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பு என்பதால், இரண்டாம் மாதமே தட்டியின் மேல் வெள்ளைப் பொருக்கு படர்ந்து காற்று அடைபட்டது. இப்போதும் வாரம் ஒருமுறை தொட்டியை முழுவதும் வடித்துக் காயவைக்கிறேன். உப்புக்காக மட்டுமன்று, தேங்கிய நீரில் டெங்குக் கொசு முட்டையிடும் என்பதற்காகவும்தான். சென்னைபோல் கடற்காற்றின் ஈரம் நிறைந்த ஊர்களில் இருப்போருக்குக் கூலரை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

2022 மார்ச்சில்தான் புத்தி கூரைப் பக்கம் திரும்பியது. சுண்ணாம்பைக் கரைத்து, மரவேலைப் பசை சிறிது கலந்து, தென்னை மட்டைத் தூரிகையால் நானும் மகனும் மாடி முழுவதும் இரண்டு கை அடித்தோம். செலவு ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. இரவு வேறுபாடு மூன்றாம் நாளே தெரிந்தது. ஆனால் துணி உலர்த்தப் போகும் ஒவ்வொரு முறையும் பாதமெல்லாம் வெள்ளையாகிப் படிக்கட்டு வரை தடம் பதிந்தது. வடகிழக்குப் பருவமழை முடிந்தபோது முக்கால் பங்கு சுண்ணாம்பு மழைநீர்க் குழாய் வழியே போய்விட்டிருந்தது. வாடகை வீட்டில் இருப்போரும், ஒரு கோடையைத் தாண்டினால் போதும் என்போரும் இதையே செய்யலாம்.

2023இல் தெலங்கானா அரசு குளிர்கூரைக்கென்றே தனிக் கொள்கை வெளியிட்டதைப் படித்த பிறகு, வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளை அக்ரிலிக் பூச்சுக்கு மாறினேன். ஏறக்குறைய 600 சதுர அடிக்கு இரண்டு கை அடிக்க 30 லிட்டர் பிடித்தது. வேலைக்கு வந்த பெயிண்டர், “தரை நல்லாத்தான் சார் இருக்கு, அடிச்சுடலாம்” என்று சொல்லி, பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமலே அடித்துவிட்டுப் போனார். ஆறே வாரத்தில் வடமேற்கு மூலையில் பூச்சு அப்பளம்போல் உப்பி, விரலால் இழுத்தாலே முழம் நீளத்துக்கு உரிந்து வந்தது. அந்தப் பகுதியைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கழுவி, இரண்டு நாள் காயவிட்டு, நானே மறுபடி அடித்தேன். அங்கு மட்டும் இன்றுவரை உரியவில்லை.

கையடக்க அகச்சிவப்பு வெப்பமானி ஒன்றால் அந்த மே மாதம் பிற்பகல் இரண்டு மணிக்கு அளந்தபோது, பூச்சில்லாத பக்கத்து மாடியின் தரை 60 டிகிரியை ஒட்டியும், எங்கள் மாடியின் தரை 44 வாக்கிலும் இருந்தன. அறைக்குள் கிடைத்தது அவ்வளவு பெரிய வேறுபாடன்று. பகலில் ஏறத்தாழ மூன்று டிகிரி குறைந்திருக்கும். வெப்பம் 40 டிகிரியைத் தாண்டினால் மின்விசிறி உடலைக் குளிர்விப்பதற்கு மாறாகச் சூடேற்றவே செய்யும் என்று உலக சுகாதார நிறுவனம் எச்சரிப்பதை நினைத்துப் பார்த்தால், எழுபதைத் தாண்டிய என் தாயாரின் அறையில் அந்த மூன்று டிகிரியை நான் சிறிதாக எண்ணவில்லை.

விற்பவர்கள் சொல்லாத செய்தி ஒன்று உண்டு. இந்தப் பூச்சின் பயன் அதன் வெண்மையில்தான் இருக்கிறது. டிசம்பருக்குள் மழைப்பாசி கறுத்துப் படர்ந்து, சனவரித் தூசியும் அதன்மேல் சேர்ந்துவிட, 2024 மார்ச்சில் மறுபடி அளந்தபோது தரை 50 டிகிரியைத் தாண்டியிருந்தது. கடினத் துடைப்பத்தால் ஒரு ஞாயிறு முழுவதும் தேய்த்துக் கழுவிய பிறகே பழைய அளவுக்கு இறங்கியது. அதனால் பிப்ரவரிக் கடைசியில் மாடி கழுவுவது எங்கள் வீட்டில் பொங்கலுக்கு வெள்ளையடிப்பதைப்போல் ஆண்டு வழக்கமாகிவிட்டது. மழையில் அந்தத் தரை வழுக்கும் என்பதையும், நண்பகலில் கண்ணைக் கூசவைக்கும் என்பதையும் சேர்த்தே கணக்கில் கொள்ள வேண்டும். எதிர்வீட்டு அம்மா தம் சமையலறைச் சன்னலுக்குத் திரை போட்டதற்குக் காரணம் நாங்கள்தான்.

மாடித்தோட்டத்துக்கு நிழல்வலை கட்டியதில் செய்த தவறுகள் வேறு வகையானவை. அதிக நிழல் அதிக நன்மை என்று எண்ணி 75 விழுக்காட்டு வலையை வாங்கி, ஐந்தடி உயரத்தில் கட்டினேன். வெண்டைச் செடிகள் வெளிச்சம் தேடி ஒல்லியாக நீண்டனவே தவிரக் காய்க்கவில்லை. தாழ்ந்த வலைக்கடியில் வெப்பக் காற்றும் அடைந்து நின்றது. மறு ஆண்டு 50 விழுக்காட்டு வலையை எட்டடி உயரத்தில், மேற்குப் பக்கம் மட்டும் சரிந்து இறங்கும்படி கட்டியபின் வெண்டையும் கொத்தவரையும் ஒழுங்காகக் காய்த்தன. கட்டுக்கம்பி வலையை அறுக்கும் என்பதால் நைலான் கயிறே நல்லது. ஒரு மே மாத இடிமழைக் காற்றில் கம்பி கட்டிய பக்கம் மட்டும் கிழிந்து தொங்கியதைப் பார்த்த பிறகு சொல்கிறேன்.

தண்ணீரில் செய்த பிழைக்குத்தான் அதிக விலை கொடுத்தேன். நண்பகலில் கத்தரி இலைகள் துவண்டதைக் கண்டு மனம் பொறுக்காமல் அப்போதே ஊற்றி ஊற்றி, ஒரே மாதத்தில் நான்கு செடிகளின் வேரை அழுகவிட்டேன். மாலை ஆறு மணிக்குள் இலை தானாக நிமிர்ந்துவிட்டால் அது தாகமன்று, வெயிலுக்குச் செடி பணிந்துகொடுப்பதுதான் என்று இப்போது தெரியும். காலை ஏழு மணிக்குள் ஒரே முறை, பையின் அடியில் கசியும் வரை ஊற்றி, மேலே காய்ந்த சருகையும் தேங்காய் நாரையும் மூடாக்காகப் பரப்பிவிடுகிறேன். மாலையில் ஊற்ற நேர்ந்தால், வெயிலில் கிடந்த கறுப்புக் குழாயில் முதலில் வரும் அரை வாளித் தண்ணீரைத் தனியே பிடித்து வைத்துவிட வேண்டும். கை பொறுக்காத சூட்டை வேர் எப்படிப் பொறுக்கும்? எவ்வளவு செய்தும் தக்காளி மே மாதத்தில் பூவை உதிர்த்துவிடுகிறது என்பதால் அதைக் கோடையில் விட்டுவிட்டேன். கொடிப்பசலைக்கோ கோடை ஒரு பொருட்டே இல்லை.

எதிர்பாராமல் கிடைத்த பயன் ஒன்றையும் சொல்ல வேண்டும். தோட்டம் என் தாயாரின் அறைக்கு நேர் மேலே அமைந்திருப்பதால், வலையின் நிழலும் வெள்ளைத் தரையும் சேர்ந்து, வீட்டிலேயே இரவில் முதலில் தணியும் அறை அதுவாகிவிட்டது. செடிக்காகக் கட்டிய வலை கூரைக்கும் குடையாயிற்று. மேற்குச் சன்னலுக்கு உள்ளே தொங்கிய தடித்த திரையை எடுத்துவிட்டு வெளியே மூங்கில் தட்டி கட்டியதும் இதே கணக்கில்தான்: கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்துவிட்ட வெயிலைத் திரையால் வெளியே அனுப்ப முடிவதில்லை.

2024 கோடையில் ஏசியும் வாங்கினோம். அந்த ஆண்டின் ஏப்ரலை அறிந்தவர்கள் காரணம் கேட்க மாட்டார்கள். அதை 26 டிகிரியில் வைத்து இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை ஓட்டி, பிறகு நிறுத்தி மின்விசிறி போட்டால் விடியும் வரை தாங்குகிறது. முதல் கோடையின் கூரைக்கடியில் இதே ஏசி விடிய விடிய ஓடியிருக்கும். 2025 கோடையோடு நிழல்வலை வெளுத்து நைந்துவிட்டது. வரும் மார்ச்சில் புதிது வாங்கும்போது, கூடம் இருக்கும் பக்கத்துக்கும் சேர்த்துப் பத்தடி கூடுதலாக அளவு சொல்லப்போகிறேன்.