வெளிநாட்டு இழப்பீட்டுக்கு வரி உண்டா? சேலம் ஐந்து ரோடு ஆடிட்டர் அலுவலகம் பற்றி

சிங்கப்பூர் கப்பல் கட்டும் தளத்தில் விபத்துக்குள்ளான என் தம்பிக்கு, அந்நாட்டு வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டத்தின்படி காப்பீட்டு நிறுவனம் வழங்கிய தொகை சேலம் வங்கிக் கணக்குக்கு வந்தபோது, அதற்கு இங்கே வரி கட்ட வேண்டுமா என்று பல இடங்களில் விசாரித்தோம். மொத்தத்துக்கும் 30 சதவீதம் என்றார் ஒருவர். வெளிநாட்டுப் பணம்தானே, காட்டவே வேண்டாம் என்றார் இன்னொருவர். இருவருமே காப்பீட்டு நிறுவனத்தின் கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. ஐந்து ரோட்டில் உள்ள இந்த ஆடிட்டர் அலுவலகத்தை நான் மனமாரப் பரிந்துரைப்பதற்கு முதல் காரணம், அவர்கள் அந்தக் கடிதத்திலிருந்து தொடங்கியதுதான்.

ஆடிட்டர் அம்மா பென்சிலால் ஒவ்வொரு வரியாகக் குறித்துக்கொண்டே தொகையைப் பிரித்தார். நிரந்தர உடல் இயலாமைக்காகக் கிடைத்த ஒட்டுமொத்தத் தொகை, இழந்த உடல்திறனுக்கான ஈடே தவிர சம்பாத்தியம் அல்ல என்பதால், அது மூலதன வரவாகவே கருதப்படும் என்றும் வருமான வரிக்கு உட்படாது என்றும் விளக்கினார். மருத்துவ விடுப்புக்கால ஊதியம் அப்படியல்ல. அது சம்பளத்தின் இடத்தில் வருவது. ஆனால் அந்த நிதியாண்டில் தம்பி வரிச் சட்டப்படி வெளிநாட்டுவாசியாக இருந்ததாலும், அந்த ஊதியம் முதலில் சிங்கப்பூர் கணக்கிலேயே வரவானதாலும், இந்தியாவில் அதற்கு வரி இல்லை என்றார். இதைச் சொல்வதற்கு முன் “தம்பியோட பாஸ்போர்ட்டைக் கொடுங்க” என்று வாங்கி, குடிநுழைவு முத்திரைகளை வைத்து அவர் இந்தியாவில் தங்கிய நாட்களை எண்ணிப் பார்த்தார். வேலையிழப்புக்காக முதலாளி தரும் தொகையும், இழப்பீடு தாமதமானதற்காகச் சேர்க்கப்படும் வட்டியும் வேறு கணக்கு என்பதையும், அப்போதைய 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டப்படி அத்தகைய வட்டியில் பாதியைக் கழித்து மீதிக்கு வரி கட்ட வேண்டியிருக்கும் என்பதையும், எங்களுக்குப் பொருந்தாவிட்டாலும் எடுத்துச் சொன்னார்.

நாங்கள் கேட்காமலேயே அவர் எச்சரித்த இரண்டு விஷயங்கள் மிகவும் பயன்பட்டன. இழப்பீட்டுக்கு வரி இல்லை என்றாலும், அதை நிரந்தர வைப்பில் போட்டால் வரும் வட்டி வரிக்குட்பட்டதே. இன்னமும் மூடாமல் இருக்கும் சிங்கப்பூர் வங்கிக் கணக்கை, தம்பி வரிச் சட்டப்படி முழுமையான உள்நாட்டுவாசி (Resident and Ordinarily Resident) என்ற நிலைக்கு வரும் ஆண்டிலிருந்து கணக்குத் தாக்கலில் வெளிநாட்டுச் சொத்தாகக் காட்டியே ஆக வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டுக் கறுப்புப் பணச் சட்டத்தின் கீழ் 10 லட்சம் ரூபாய் அபராதத்துக்கு இடமுண்டு.

கட்டணம் சாதாரணக் கணக்குத் தாக்கலைவிடக் கூடுதல்தான். ஆனால் அதை முன்கூட்டியே சொல்லி, ரசீதும் கொடுத்தார்கள். முடிவை எழுத்து வடிவில் கையெழுத்திட்டுத் தந்தது, பின்னாளில் நோட்டீஸ் வந்தாலும் பதில் சொல்ல உதவும் என்பதால் அந்தக் கூடுதல் தொகை எனக்குப் பெரிதாகப் படவில்லை. அலுவலகம் இரண்டாம் மாடியில் இருப்பதும் லிப்ட் இல்லாததும் குறையே. ஊன்றுகோலுடன் வந்த தம்பிக்காக இளம் உதவியாளர் ஒருவர் கீழே இறங்கி வந்து கையெழுத்து வாங்கிக்கொண்டார் என்றாலும், காயம்பட்டவர்கள் நாடி வரும் இடத்தில் தரைத்தளத்தில் ஓர் அறையாவது இருக்க வேண்டும். தொலைபேசியை எடுக்கவும் தாமதமாகிறது.

இழப்பீட்டுக் கடிதத்தின் எல்லாப் பக்கங்களும், பழையதும் புதியதுமான பாஸ்போர்ட்டுகளும், பணம் வந்ததற்கான வங்கிச் சான்றும் கையில் இருந்தால் வேலை விரைவாக முடிகிறது. கணக்குத் தாக்கலுக்காகக் கூட்டம் நெரியும் ஜூலை மாதத்தைத் தவிர்த்துச் செல்லுங்கள்.