‘எங்க அம்மைக்கும் கடையம்லா’ என்றவனிடம் ரூ.14,750 போன கதை

கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். ஆறிவிட்டால் “சரி, போனது போகட்டும்” என்று எங்கள் வீட்டு வழக்கப்படி நானும் விட்டுவிடுவேன். 14,750 ரூபாய். விடுகிற தொகை இல்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு, தூரத்து ஊர் வேலை நேர்காணலுக்கு உருப்படியாக எப்படித் தயாராவது என்பதையும் கடைசியில் எழுதுகிறேன்.

எனக்குத் திருநெல்வேலி மாவட்டத்தில் முக்கூடல் பக்கம். பி.காம். முடித்து ஒரு வருடம் ஆகிறது. பெங்களூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவு வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். எழுத்துத் தேர்வில் தேறி, வீடியோ நேர்காணலுக்கு நாள் குறித்து மெயில் வந்தது. நடுவில் பத்து நாள்தான். முன்பின் தெரியாத ஆட்களிடம் போன் திரையைப் பார்த்து ஆங்கிலத்தில் பேசி வேலை வாங்க வேண்டும். இதற்கு முன் ஒரு நேர்காணலுக்கும் நான் போனது கிடையாது. பயத்தில் நெட்டில் எதையெதையோ தேடினேன். தேடியது எவனுக்குத் தெரிந்ததோ, அன்று ராத்திரியே விளம்பரம் வர ஆரம்பித்துவிட்டது. ஆன்லைனில் நேர்காணல் பயிற்சி கொடுக்கும் தளம். பெயரைப் போடவில்லை. பெயர் நாளைக்கே மாறிவிடும், ஆள் மாற மாட்டான்.

நம்பரைக் கொடுத்து ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, அழைப்பு வந்தது. “எஸ், ஸ்பீக்கிங்” என்று நான் திணறவும் அந்தப் பக்கம் ஒரு சிரிப்பு. “தம்பி, தமிழ்லயே பேசுங்க. எந்த ஊரு?” முக்கூடல் என்றேன். அவ்வளவுதான், குரலே மாறிவிட்டது.

“முக்கூடலா? அட, எங்க அம்மைக்கு கடையம்லா! சின்னப்பிள்ளைல லீவுக்கு வந்தா ராமநதி டேம்லதான் கெடப்போம். நீங்க ஒண்ணுக்கும் பயப்படாதிய. நம்ம ஊர்ப் பிள்ளைய நான் விட்டுருவனா? நான் பாத்துக்கிடுதேன்.”

நான் விழுந்தது இந்த இடத்தில்தான். சான்றிதழைக் காட்டியிருந்தால் சந்தேகப்பட்டிருப்பேன். நட்சத்திர மதிப்பீட்டைக் காட்டியிருந்தால் அதெல்லாம் காசு கொடுத்து வாங்குவது என்று நினைத்திருப்பேன். “பாத்துக்கிடுதேன்” என்றான் பாருங்கள், எங்கள் ஊர்ப் பேச்சின் அந்தத் “தேன்”-இல் கவிழ்ந்துவிட்டேன். போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா சொளவை மடியில் வைத்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். இலைக்குள் தூளை வைத்த கை அப்படியே நிற்க, தலையைத் தூக்கிப் பார்த்தாள். “கடையத்துக்காரனால? அப்பம் சரி, கேளு” என்றாள்.

அவன் சொன்னது இவ்வளவு: எனது துறையில் இருப்பவர்களோடு மூன்று மாதிரி நேர்காணல், ரெஸ்யூமேயைத் திருத்தி எழுதித் தருவது, பிடிக்காவிட்டால் முழுப் பணமும் திரும்ப. கட்டணம் 12,500. அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி 2,250. மொத்தம் 14,750. யுபிஐயில் அனுப்பப் போனால் தளத்தின் பெயர் வரவில்லை, யாரோ ஓர் ஆளின் பெயர் வந்தது. கேட்டேன். “அது நம்ம அக்கவுண்ட்ஸ் பாக்குத தம்பிதான், தைரியமா போடுங்க.” போட்டேன். சனிக்கிழமை மதியம். அம்மா சீட்டு எடுத்து வைத்திருந்த பணம் அது. ஒரு நாளைக்கு 600, 700 பீடி சுற்றுகிறவள். 14,750 ரூபாய்க்கு எத்தனை பீடி என்று கணக்குப் போட்டும் பார்த்துவிட்டேன், பி.காம். படித்த புத்தி. அந்த எண்ணை இங்கே எழுத மனமில்லை.

முதல் மாதிரி நேர்காணல் திங்கள் மாலை. லிங்கைத் திறந்து சட்டையெல்லாம் மாட்டிக்கொண்டு 40 நிமிடம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் வரவில்லை. புதன்கிழமை ஒருவர் வந்தார். கேமரா அணைத்திருந்தது, பின்னால் சேவல் கூவியது. “ஜாவாவில் உங்களுக்கு எத்தனை வருட அனுபவம்?” என்றார். சார், நான் பி.காம்., கணக்கு வேலைக்கு என்றேன். “ஓகே, நெக்ஸ்ட் கொஸ்டின்” என்றார். அடுத்ததும் ஜாவா. மொத்தம் 11 நிமிடம். ரெஸ்யூமே வந்தது, கடைசி வரியில் இடம் என்ற இடத்தில் ஈரோடு என்றிருந்தது. ஈரோட்டுக்கு நான் போனதே இல்லை.

இன்னொன்று கேட்டிருந்தேன். நேர்காணல் செவ்வாய்க்கிழமை. அன்றைக்குத்தான் எங்கள் தெரு அம்மன் கோயில் கொடை, அதாவது திருவிழா. காலையிலேயே குழாய் ஒலிபெருக்கி அலறும், என்ன செய்யலாம் அண்ணே என்று. பதிலுக்கு ஒரு ஹெட்செட் விற்கும் லிங்க் வந்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதிலிருந்து அண்ணன் காணாமல் போனான். முதலில் “மீட்டிங்ல இருக்கேன் தம்பி.” அப்புறம் ஒரு பெண் எடுத்து, புகார் எண் தருகிறோம், ஏழு வேலை நாள் என்றார். நாலாம் நாளே புகார் முடிக்கப்பட்டது என்று மெசேஜ். ஏன் என்று எழுதினால் ‘வாடிக்கையாளர் மகிழ்ச்சிக் குழு’ என்ற பெயரில் மெயில் வருகிறது: ஓர் அமர்வில் நீங்கள் கலந்துகொண்டுவிட்டதால் பணம் திரும்பத் தரப்பட மாட்டாது. அந்தச் சேவல் கூவிய 11 நிமிடத்துக்கு 14,750!

நேர்காணலை எப்படியோ கொடுத்தேன். முக்கூடலில் கடைகளுக்குக் கணக்கு எழுதும் அண்ணாச்சி ஒருவர், ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் என்னை உட்காரவைத்துக் கேள்வி கேட்டார். 2பி-க்கும் 3பி-க்கும் என்னல வித்தியாசம், உள்ளீட்டு வரியை எப்பம் எடுக்கக் கூடாது என்றெல்லாம். (2பி என்பது நமக்கு விற்றவர்கள் ஏற்றிய பில்கள் தெரிகிற ஜிஎஸ்டி பட்டியல், 3பி என்பது நாம் வரி கட்டத் தாக்கல் செய்கிற படிவம், உள்ளீட்டு வரி என்பது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்வது.) காசு நீட்டினால் முறைத்தார். கொடைக்குப் பயந்து முதல் பஸ்ஸில் பாளையங்கோட்டை போய் நண்பன் அறையில் உட்கார்ந்தேன். பெங்களூர்க்காரர்கள் கேட்ட முதல் கேள்வியே, ஒரு பில்லைக் கணக்கில் ஏற்றுவதற்கு முன் எதையெல்லாம் சரிபார்ப்பாய் என்பதுதான். கடகடவென்று சொன்னேன்: விற்பவரின் ஜிஎஸ்டி எண், பில் எண், தேதி, வரி எப்படிப் பிரிந்திருக்கிறது, 2பி-யில் ஏறியிருக்கிறதா. சொல்லிக்கொண்டிருக்கும்போதே வயிற்றைப் பிசைந்தது.

முடிந்ததும் என் ரசீதைத் திறந்தேன். ஜிஎஸ்டி எண் என்பது 15 இலக்கம். முதல் இரண்டு மாநிலம், தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து பான் எண். ரசீதில் இருந்ததை விரல் வைத்து எண்ணினேன். 14. மறுபடியும் எண்ணினேன். 14. மத்திய வரி, மாநில வரி என்ற பிரிவும் இல்லை, வெறும் ‘ஜிஎஸ்டி 18%’. பதிவு இல்லாதவன் ஜிஎஸ்டி வசூலிக்கவே கூடாது என்று பரீட்சையில் எழுதியவன் நான். அந்த ரசீதைத்தான் “தயாரிப்பு தொடக்கம்” என்று ஸ்டேட்டஸ் வைத்திருந்தேன்.

அந்த ஸ்டேட்டஸைப் பார்த்த கல்லூரி நண்பன் ஒருவன் நேற்று அழைத்தான். அவன் இப்போது கோவையில் இருக்கிறான். அவனும் அதே தளத்தில் கட்டியிருக்கிறான், அதே போன் நம்பர். “நம்மகிட்ட நல்லாத்தானல பேசுனான், கோயம்புத்தூர்னு சொன்னதும் அவங்க அம்மாவுக்குப் பொள்ளாச்சின்னான்” என்றான். அவனிடம் “ஏனுங்க தம்பி” என்று பேசினானாம்.

சரி, தயாராவது பற்றி எழுதுகிறேன் என்றேன். இப்போது கை ஓடவில்லை. இது மட்டும்: பணம் போகிற பெயரும் கடையின் பெயரும் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ஜிஎஸ்டி எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டுப் பாருங்கள், ஒரு நிமிட வேலை. பணம் திரும்பத் தருவோம் என்பதை எழுத்தில் வாங்குங்கள். ஏமாந்தது தெரிந்தால் உடனே இணையக் குற்றப் புகார் எண் 1930-க்கு அழையுங்கள். நான் பதினொன்றாம் நாள்தான் அழைத்தேன், விவரம் எழுதிக்கொண்டார்கள், அவ்வளவுதான். சேவை சரியில்லை என்றால் நுகர்வோர் உதவி எண் 1915. அவன் எந்த ஊரில் இருந்தாலும் நாம் இருக்கிற மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். திருநெல்வேலியில் இருக்கிறது, நாம் கொடுத்த பணம் 5 லட்சம் வரை என்றால் வழக்குக் கட்டணம் கிடையாது. திங்கள்கிழமை போகிறேன்.

அம்மாவிடம் பொள்ளாச்சி சமாச்சாரத்தைச் சொல்லவில்லை. “கடையத்துப் பையன் பேசுனானால?” என்று இன்று காலையிலும் கேட்டாள். உங்களுக்கும் இப்படி ஓர் அண்ணன் போன் பேசியிருந்தால், அவன் அம்மாவுக்கு எந்த ஊர் என்று சொன்னான் என்பதை எனக்குச் சொல்லுங்கள். திங்கள்கிழமை புகாரில் சேர்த்து எழுத வேண்டும்.