மதுரை அப்பளத்துக்கு முதல் வெளிநாட்டுச் சந்தை: சிங்கப்பூரா, துபாயா?

மதுரையில் அப்பளம் தயாரிக்கும் சிறு நிறுவனம் ஒன்று ஏற்றுமதியில் இறங்க நினைத்தால், சிங்கப்பூரும் துபாயும் இயல்பாகவே முன்னிற்கின்றன. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக உள்ள சிங்கப்பூரில் அப்பளத்தை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. உணவுப் பொருளுக்குப் பொதுவாகச் சுங்கத் தீர்வையும் இல்லை என்பதால், 2024 முதல் 9 சதவீதமாக உள்ள சரக்கு, சேவை வரியை மட்டும் விலையில் சேர்த்துக் கணக்கிட்டால் போதும். நம் ஊரில் அச்சிட்ட ஆங்கில உறையிலேயே, இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும் கொண்ட ஸ்டிக்கரை ஒட்டித் தூத்துக்குடி வழியாக அனுப்பிவிடலாம். ஆனால் பழகிய சந்தை என்பதே அங்குள்ள சிக்கல்: இந்தியக் கடைகள் நிறைந்த தேக்கா பகுதியின் அலமாரிகளில் முன்பே பல பெயர்கள் அடுக்கியிருக்க, புதிதாக வருபவர் விலையைக் குறைத்துத்தான் இடம் பிடிக்க வேண்டியிருக்கும்.

துபாயில் மதிப்புக் கூட்டு வரி 5 சதவீதம்தான். எனினும் உறையில் அரபு மொழி விவரங்கள் கட்டாயம். தமிழரோடு மலையாளிகளும் வட இந்தியரும் வாங்குவர் என்பதால் சந்தை அகலமானது.

அப்பளம் எடை குறைந்தது, இடம் அடைப்பது, எளிதில் நொறுங்குவது. ஈரம் சற்று மிஞ்சினாலும் கொள்கலனின் வெக்கையில் பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே முதல் சரக்கைச் சிறிய அளவில் சிங்கப்பூருக்கு அனுப்பி, உலர்த்தலையும் உறையையும் சரிசெய்துகொண்ட பின்னரே அரபு உறைக்குச் செலவிடுவது உசிதம்.