முதலில் கேட்பதா, பிறகு மறுப்பதா?

இணையத்தில் நம் பின்னாலேயே வந்து தகவல் திரட்டும் விளம்பரத் தொழிலுக்குக் கடிவாளம் போட இரண்டு வழிகள் இருக்கின்றன. 2018 மே 25 முதல் அமலில் இருக்கும் ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்புச் சட்டமான ஜிடிபிஆர், அதற்கு முந்தைய குக்கீ (நம்மை அடையாளம் வைத்துக்கொள்ள தளங்கள் நம் கருவியில் போடும் சின்னக் கோப்பு) விதியோடு சேர்ந்து, 'ஒப்புதல் வாங்கிவிட்டுத் தொடு' என்கிறது. 2020 ஜனவரியில் வந்த அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலத் தனியுரிமைச் சட்டமான சிசிபிஏ, 'எடுத்துக்கொள். விற்காதே என்று அவர் சொன்னால் நிறுத்து' என்கிறது. இரண்டும் தேவையான சட்டங்கள்தான். ஆனால் இரண்டாலும் வந்த தொல்லைகளைச் சொல்லாமல் விட முடியாது.

ஐரோப்பிய வழியில் முதல் தொல்லை, எந்தத் தளத்துக்குப் போனாலும் முகத்துக்கு நேரே வந்து நிற்கும் ஒப்புதல் பெட்டி. 'ஏற்கிறேன்' பொத்தான் பளிச்சென்று இருக்கும், மறுப்பை இரண்டு மூன்று திரை தள்ளித் தேட வேண்டும். இதற்காகவே பிரான்ஸின் தரவுப் பாதுகாப்புக் கண்காணிப்பு அமைப்பான சிஎன்ஐஎல் 2022 ஜனவரியில் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டது. சலித்துப்போனவர் படிக்காமலே அழுத்திவிடுகிறார். அதை ஒப்புதல் என்று எப்படிச் சொல்வது?

எனக்கு இதைவிடக் கவலை தருவது வேறு. சட்டம் வந்த கையோடு, ஐரோப்பியத் தளங்கள் விளம்பரம், தகவல் திரட்டல் போன்றவற்றுக்குத் தாங்கள் பயன்படுத்திவந்த வெளி நிறுவனங்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. கழன்றுபோனவை பெரும்பாலும் சின்ன நிறுவனங்கள். கூகுளின் பங்கு ஒப்பளவில் கூடியது. வக்கீல் படையே வைத்திருப்பவருக்கு விதிமுறை ஒரு செலவுக் கணக்கு, பத்துப் பேர் கம்பெனிக்கு அதுவே கழுத்தை நெரிக்கும் சுமை. வாசகருக்கும் இழப்பு உண்டு: அமெரிக்க நாளிதழ் லாஸ் ஏஞ்சலிஸ் டைம்ஸ், சட்டம் வந்த அன்று ஐரோப்பிய வாசகர்களுக்குத் தன் தளத்தையே மூடிவிட்டது.

கலிஃபோர்னியா இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்திருக்கிறது. ஆண்டு வருவாய் 2.5 கோடி டாலரைத் தாண்டியவர்கள், பெருமளவில் தகவல் வாங்கி விற்பவர்கள் என்று எல்லை வகுத்ததால் சின்னக் கடைகள் தப்பின. பிரவுசரில் ஒருமுறை சொல்லிவைத்தால் எல்லாத் தளத்துக்கும் மறுப்பு போய்ச் சேரும் வசதியும் உண்டு. அதை மதிக்காதது உள்ளிட்ட புகார்களுக்காக அழகுசாதனப் பொருள் விற்கும் செஃபோரா நிறுவனம் 2022ல் 12 லட்சம் டாலர் கட்டியது. சரி, இப்படியொரு வசதி இருப்பதே தெரியாதவர்? அவருடைய தகவல் விற்பனையில்தான் இருக்கும்.

என் ஓட்டு இரண்டையும் கலந்த வழிக்கு: ஐரோப்பாவைப் போல மறுப்பே இயல்புநிலை, கேள்வி மட்டும் பிரவுசரில் ஒரே ஒரு முறை. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதலையே பெரிதும் நம்பியிருப்பதால், அந்தப் பெட்டிகள் நம் திரைகளிலும் பெருகும் முன்பே இதைப் பேசியாக வேண்டும்.