பிஸ்கட், குக்கீஸ், கிரனோலா பார்: வன்னி வெயிலில் வருடக்கணக்கில் தின்று பார்த்த அனுபவம்

வன்னியில் வெளிவேலைக்குப் போகிறவரின் பையில் தண்ணீர்ப் போத்தலுக்கு அடுத்ததாக ஒரு பிஸ்கட் பக்கற் கட்டாயம் இருக்கும். மாங்குளத்தில் இருந்து மல்லாவிப் பக்கமோ ஒட்டுசுட்டான் பக்கமோ திரும்பிவிட்டால் மத்தியானம் சாப்பாட்டுக் கடை கிடைக்கும் என்று நம்ப முடியாது. பல வருடமாக என் பாடும் இதுதான். வீட்டில் பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் சீனி வருத்தமுள்ள அம்மாவும் இருக்கிறார்கள். அதனால் மாரி, கிரீம் கிராக்கர், கிரீம் பிஸ்கட், சொக்லேட் குக்கீஸ், குரக்கன் (கேழ்வரகு) பிஸ்கட், வெளிநாட்டுச் சொந்தங்கள் கொண்டு வருகிற, ஓட்ஸையும் தேனையும் சேர்த்துக் கட்டியாகச் செய்த கிரனோலா பார் எல்லாமே எங்கள் வீட்டில் நெடுநாள் புழங்கியவை. என் முடிவை முதலே சொல்லிவிடுகிறேன். ருசிக்காக வாங்கினால் தாராளமாக வாங்குங்கள். சத்துக்காக வாங்குவதானால் முன்பக்கப் படத்தைப் பார்க்காமல் பக்கற்றைத் திருப்பிப் படியுங்கள்.

இலங்கையில் விற்கிற பக்கற் என்றால் மூன்று சின்ன நிற வட்டங்கள் இருக்கும்: சீனி, உப்பு, கொழுப்பு. குளிர்பானங்களுக்கு 2016இல் வந்த நிறக் குறியீடு, 2019இல் பிஸ்கட் போன்ற திண்ம உணவுகளுக்கும் வந்தது. 100 கிராமில் சீனி 22 கிராமைத் தாண்டினால் சிவப்பு, 8க்குக் குறைந்தால் பச்சை, இடைப்பட்டது செம்மஞ்சள். கொழுப்புக்குச் சிவப்பு 17.5 கிராமுக்கு மேல். கடையில் நின்று கணக்குப் பார்க்க நேரமில்லாதவருக்கு இது பெரிய உதவி. ஆனால் செம்மஞ்சள் என்றதும் மனம் ஆறிவிடக் கூடாது. 100 கிராமில் 21 கிராம் சீனி இருந்தாலும் அது செம்மஞ்சள்தான். வட்டத்தைப் பார்த்த பிறகு சேர்மானப் பட்டியலின் முதல் மூன்று பெயர்களையும் பாருங்கள், ஏனென்றால் எடையில் எது கூடவோ அதுதான் முன்னுக்கு எழுதப்படும். பெரும்பாலான பிஸ்கட்டில் கோதுமை மா, சீனி, மரக்கறிக் கொழுப்பு என்ற மூன்றும்தான் அங்கே நிற்கும்.

மாரி எனக்குப் பிடித்த பிஸ்கட். தேத்தண்ணியில் தோய்த்தால் சட்டென்று உடைந்து விழாது, மா வறுபட்ட மணம் வரும், இனிப்பு நாக்கில் ஒட்டி நிற்காது. ஐந்து மாரி ஏறக்குறைய 28 கிராம், அதில் ஒன்றரைத் தேக்கரண்டி அளவு சீனி. தனியாகப் பார்த்தால் பரவாயில்லை. அதோடு இரண்டு கரண்டி சீனி போட்ட தேத்தண்ணியையும் சேர்த்துப் பாருங்கள். கூடுதல் சீனி ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள், அதாவது ஆறு தேக்கரண்டிக்குள் நின்றால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஒரு பின்னேரத் தேத்தண்ணியிலேயே பாதிக்கு மேல் போய்விடுகிறது. நடுவில் கிரீம் வைத்த பிஸ்கட் இன்னும் மோசம். மூன்றில் ஒரு பங்கு சீனியாக இருக்கிற வகைகள் உண்டு. பிள்ளைகள் அதைப் பிரித்து, கிரீமைப் பல்லால் வழித்துத் தின்றுவிட்டு, மிச்சத்தை நாய்க்குப் போடுவார்கள்.

நான் அதிகம் சொல்ல விரும்புவது கிரீம் கிராக்கர் பற்றித்தான். எங்கள் ஊரில் கிளினிக் கொப்பி எடுத்த நாளில் இருந்து சீனி வருத்தக்காரருக்குக் காலைச் சாப்பாடே கிரீம் கிராக்கர் என்று ஆகிவிடுகிறது. "அதில இனிப்பு இல்லைத்தானே தம்பி" என்பார்கள். அம்மாவும் அப்படித்தான். விடியக்காலம் கோப்பையை எடுத்து, நாலு கிராக்கரை ஒவ்வொன்றாக நடுவில் முறித்து, சீனி போடாத பால்தேத்தண்ணியில் அமிழ்த்தி, கரண்டியால் அள்ளிச் சாப்பிடுவார். இனிப்பு இல்லை என்பது சரி. ஆனால் 100 கிராம் கிராக்கரில் 65 கிராமுக்கு மேல் மாச்சத்து, அதுவும் தீட்டின கோதுமை மா. அது வயிற்றுக்குள் போனதும் சீனியாகத்தான் மாறும், அதுவும் வேகமாக. நார்ச்சத்து பெயருக்குத்தான். போதாததற்கு உப்பும் இருக்கிறது, பிரஷர் குளிசை போடுகிறவருக்கு அது தனிக் கவலை. குளுக்கோமீற்றரில் நாங்கள் பார்த்தவரையில், அவித்த கடலையோ பயறோ சாப்பிட்ட காலையை விடக் கிராக்கர் சாப்பிட்ட காலையில் அம்மாவுக்குச் சீனி கூடத்தான் ஏறியது. இப்போது அவர் பயறு சாப்பிட்டுவிட்டு இரண்டு கிராக்கர் ருசிக்கு எடுக்கிறார். முழுதாக நிறுத்தச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை, நிறுத்தத் தேவையும் இல்லை.

குரக்கன் பிஸ்கட் என்று பெயர் போட்டதில் குரக்கன் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். பல பக்கற்றில் கோதுமை மாவும் சீனியும் கொழுப்பும் தாண்டித்தான் அது வரும். நிறம் மட்டும் குரக்கன் நிறம்.

கிரனோலா பார் எங்கள் கிராமக் கடைகளில் இல்லை. கிளிநொச்சி, வவுனியா சுப்பர் மார்க்கெட்டில் எப்போதாவது கண்ணில் படும். மற்றபடி கனடாவில் இருந்தோ லண்டனில் இருந்தோ ஆட்கள் வருகிறபோது சூட்கேசில் வரும். ருசியில் குறை சொல்ல முடியாது. ஓட்ஸ் வறுபட்ட மணமும் தேன் வாசமும் சேர்ந்து, கடிக்கக் கடிக்க ருசி கூடும். கடினமான வகை வன்னி வெயிலுக்கு நின்றுபிடிக்கிறது. மோட்டார் சைக்கிள் பெட்டிக்குள் நாள் முழுக்கக் கிடந்தாலும் உடைந்து தூளாகுமே தவிர உருகாது. மென்மையான வகையும் சொக்லேட் போட்டதும் பங்குனி, சித்திரையில் உறையோடு ஒட்டிக்கொள்ளும், நக்கித்தான் தின்ன வேண்டும். வயதானவர்களின் பல்லுக்குக் கடின வகை சரிவராது.

சத்து என்று பார்த்தால் நேச்சர் வேலி என்ற பெயரில் வருகிற பாரின் ஓட்ஸ் தேன் வகையையே எடுப்போம். இரண்டு துண்டு உள்ள 42 கிராம் பக்கற்றில் 190 கலோரி, 11 கிராம் சீனி, 7 கிராம் கொழுப்பு, 3 கிராம் புரதம், 2 கிராம் நார்ச்சத்து. இதை 100 கிராமுக்கு மாற்றினால் சீனி 26 கிராம். எங்கள் நாட்டு வட்டம் அதற்குப் போட்டால் சீனிக்குச் சிவப்புத்தான் விழும். மாரியை விடச் சீனி கூட. அதற்காக இரண்டும் ஒன்றுதான் என்று சொல்ல மாட்டேன். முழு ஓட்ஸ் என்பதால் பசி கொஞ்சம் தாமதித்து வருகிறது. மத்தியானச் சாப்பாடு பிந்துகிற நாளில் கிரீம் பிஸ்கட்டை விட இது கை கொடுக்கும். ஆனால் "சத்துப் பார்" என்று சொல்லி, விளையாடிக் களைக்காத பிள்ளைக்குத் தினம் ஒன்று கொடுப்பது இனிப்புக் கொடுப்பதுதான்.

சத்துக்கென்றே செய்த பிஸ்கட் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு அளவுகோல் இருக்கிறது. இடம்பெயர்ந்தவர்களுக்கு உலக உணவுத் திட்டம் கொடுக்கிற சக்தி பிஸ்கட்டை எங்கள் பக்கத்தில் பலருக்குத் தெரியும். அதன் விதிப்படி 100 கிராமில் குறைந்தது 450 கலோரி, 10 முதல் 15 கிராம் புரதம், சீனி 15 கிராமைத் தாண்டக் கூடாது, விற்றமின்களும் சேர்க்க வேண்டும். கடை மாரியிலும் கலோரி ஏறக்குறைய அதே அளவுதான், புரதம் மட்டும் 7 கிராம் அளவில் நிற்கும். அதனால்தான் நான் பக்கற்றில் கலோரியைப் பார்ப்பதை விட்டுவிட்டுப் புரதத்தையும் சீனியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். சீனி புரதத்தை விட மூன்று நாலு மடங்கு என்றால் அது தின்பண்டம், சாப்பாட்டுக்குப் பதில் ஆகாது.

ருசியைக் கெடுப்பது பெரும்பாலும் வெயிலும் காலமும்தான். ஊர்க்கடையில் முன்பக்கம் தொங்குகிற பக்கற்றில் பின்னேர வெயில் நேரே விழும். காலாவதித் திகதி இன்னும் மூன்று மாதம் இருந்தாலும் பிரித்ததும் பழைய எண்ணெய் மணம் அடிக்கும். ஒருமுறை வாங்கின சொக்லேட் குக்கீஸ் முழுக்க வெள்ளை பூத்து, மெழுகு போல இருந்தது. அந்த வெள்ளை பூஞ்சணம் இல்லை, சொக்லேட்டின் கொழுப்பு உருகித் திரும்ப உறைந்தது. தின்றால் ஒன்றும் ஆகாது, ருசிதான் போய்விடும். உள்தட்டில் இருக்கிறதைக் கேட்டு வாங்குங்கள். கார்த்திகை, மார்கழி மழையில் நிலைமை மாறிவிடும். பிரித்த பக்கற் ஒரே இரவில் நமுத்துப்போகும், இறுக்கமான டின் இல்லாமல் பிஸ்கட் வைக்கவே முடியாது.

இதெல்லாம் சொல்லிவிட்டு முறிகண்டியைச் சொல்லாமல் விட முடியாது. ஏ9 வீதியில் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு எல்லோரும் வாங்குகிற வறுத்த கச்சானில் (நிலக்கடலையில்) 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு கைப்பிடி தின்றால் அந்த 42 கிராம் பாரை விட இரண்டு மடங்குக்கு மேல் புரதம், சேர்த்த சீனி இல்லை. கொழுப்பு நிறைய உண்டு, ஆனால் பெரும்பங்கு நல்ல கொழுப்பு. கச்சான் அல்வாவும் எள்ளுப்பாகும் வேறு கணக்கு. பாகில் போகிறது சீனியோ பனங்கட்டியோ, இரண்டும் உடம்புக்கு இனிப்புத்தான். என் பையில் இப்போது கச்சான் ஒரு சின்னப் போத்தலிலும் மாரி ஒரு பக்கற்றும் போகின்றன. கச்சானில் சுருங்கினது, கசக்கிறது, பூஞ்சணம் பிடித்தது இருந்தால் தயங்காமல் துப்பிவிடுங்கள், பிள்ளைகளுக்கும் சொல்லிக் கொடுங்கள். அந்தப் பூஞ்சணம் உண்டாக்குகிற அஃப்ளாடொக்சின் ஈரலைப் பாதிக்கிற நஞ்சு, வறுத்தாலும் முழுதாகப் போகாது.