டிராக் டே டயர் காற்றழுத்தம்: பல சீசன் ஓட்டத்தில் நிலைத்த கருவிகள்

சொந்த வண்டியை ரேஸ் டிராக்கில் ஓட்டும் டிராக் டேவுக்கு டயர் கருவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கம்ப்ரசரில் ஆரம்பிக்கிறார்கள். ஆரம்பிக்க வேண்டியது காற்றழுத்தம் அளக்கும் கேஜில். சில லேப் (சுற்று) ஓடி பிட்டுக்குள் (டிராக் ஓரம் வண்டி நிறுத்தும் இடம்) வந்த வண்டியில் முக்கால்வாசி வேலை காற்றுப் பிடிப்பதல்ல, இறக்குவதுதான். கையில் இருக்கும் காசில் பெரும்பகுதியை நல்ல கேஜுக்குப் போடுங்கள்.

சூட்டில் டயரின் அழுத்தம் எவ்வளவு ஏறும் என்ற கணக்கைப் பாருங்கள். 25 டிகிரியில் 28 பி.எஸ்.ஐ. (அழுத்த அலகு) வைத்த டயருக்குள் காற்று 75 டிகிரிக்குச் சூடானால் அழுத்தம் 35ஐத் தொடும். அதாவது 10 டிகிரிக்குச் சுமார் ஒன்றரை பி.எஸ்.ஐ. உள்ளே ஈரம் இருந்தால் இன்னும் ஏறும். நைட்ரஜன் சீராக நடந்துகொள்வதற்கு முக்கியக் காரணம் அது உலர்ந்திருப்பதுதான். கம்ப்ரசர் காற்றையும் ஈரம் பிரித்துப் பிடித்தால் கிட்டத்தட்ட அதே பலன் கிடைக்கும்.

ஒரு பி.எஸ்.ஐ. வித்தியாசமே பிடிப்பில் தெரியும் இடத்தில், கேஜின் அளவு வரம்பைப் பார்த்து வாங்க வேண்டும். முள் கேஜின் துல்லியம் பெரும்பாலும் முழு அளவின் சதவீதமாகவே சொல்லப்படும். 0–160 கேஜில் 2 சதவீதம் என்றால் 3.2 பி.எஸ்.ஐ. பிழை வரலாம். 0–60 கேஜில் 1 சதவீதம் என்றால் 0.6 மட்டுமே. முள் கேஜ்கள் அளவின் நடுப்பகுதியில்தான் நம்பகமாகக் காட்டும். கார் டயரின் 28–38 வரம்பு 0–60 கேஜின் நடுவில் வந்து விழுகிறது.

டிஜிட்டல் கேஜில் 0.1 என்று புள்ளிக்குப் பின் எண் வருவதால் அது துல்லியம் ஆகிவிடாது. திரையில் வரும் நுணுக்கம் வேறு, அளவின் சரித்தன்மை வேறு. சோதிக்க எளிய வழி: ஆறிய டயர் ஒன்றை அடுத்தடுத்து ஐந்து முறை அளந்து பாருங்கள். அரை பி.எஸ்.ஐ.க்குள் ஒத்துப்போகாத கேஜை எடுக்க வேண்டாம். நாள் முழுக்க நான்கு டயருக்கும் அந்த ஒரே கேஜ்தான். பக்கத்து பிட்டில் கடன் வாங்கிய கேஜில் ஒரு செஷன் (டிராக்கில் ஒரு முறை ஓடும் நேரம்) அளந்தாலும் குறித்து வைத்த எண்கள் அனைத்தும் வீண்.

நீண்ட பயன்பாட்டில் நிலைத்தது முள் கேஜ், அரை மீட்டர் ஹோஸ், சாய்ந்த நாசில், காற்று இறக்கும் பட்டன் நான்கும் சேர்ந்த வகை. செஷன் முடிந்ததும் பிரேக் டிஸ்க்கின் அனல் முகத்தில் அடிக்கும். ஹோஸ் இருந்தால் கையை வீலுக்குள் நுழைக்க வேண்டாம். பட்டனை அழுத்தியபடியே முள்ளைப் படிப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. காற்று ஓடும்போது கேஜில் அழுத்தம் குறைவாகத் தெரியும். விட்டதும் முள் மேலே ஏறும். ஒரு நொடி அழுத்தி, விட்டு, முள் நின்றபின் படிக்க வேண்டும்.

முதலில் தேய்வது நாசிலுக்குள் இருக்கும் ரப்பர் வாஷர். பொருத்தும்போது 'உஸ்' சத்தம் தொடர்ந்து வந்தால் அதை மாற்றுங்கள். கேஜ் கீழே விழுந்தால் முள் பூஜ்யத்தில் நிற்பதை வைத்துத் திருப்தி அடைய வேண்டாம். அங்கே தடுப்புமுளை முள்ளைத் தாங்கிக்கொண்டிருக்கலாம். 30 பி.எஸ்.ஐ.யில் இன்னொரு கேஜோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிளிசரின் நிரப்பிய கேஜ் அதிர்வைத் தாங்கும், ஆனால் வெயிலில் கிடந்தால் உறைக்குள் அழுத்தம் கூடி அளவு மாறும். நிழலில் வையுங்கள்.

அளக்கும் வேலை சூட்டோடு சூடாக நடக்க வேண்டும். வலஞ்சுழியாக ஓடும் டிராக்கில் அதிகச் சுமை இடப்பக்க டயர்களுக்கு. அதனால் இடது முன் டயரிலிருந்து தொடங்கி எப்போதும் ஒரே வரிசையில் போங்கள். காலையில் ஆறிய டயரை அளக்கும்போது ஒரு பக்கம் வெயில் பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வெயில் பக்கம் 10 டிகிரி கூடுதலாக இருந்தாலே ஒன்றரை பி.எஸ்.ஐ. பொய்யாகக் கூடியிருக்கும்.

கம்ப்ரசர் விஷயத்தில் சுருக்கமாகச் சொன்னால் போதும். 12 வோல்ட் வகையில் பெரியதை லைட்டர் சாக்கெட்டில் மாட்டினால் ஃபியூஸ் போகும். பேட்டரியில் நேரடியாகக் கவ்வும் வகையே நல்லது. தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடலாம் என்று பெட்டியில் போட்டிருப்பதை மீறாதீர்கள். ஓடும்போது அதன் சொந்த மீட்டர் டயரின் அழுத்தத்தைவிடக் கூடுதலாகக் காட்டும். இலக்குக்கு மேல் 2 பி.எஸ்.ஐ. பிடித்து, கேஜால் இறக்கிச் சரிசெய்வதே சுலபம்.

வால்வு மூடி இடத்தில் மாட்டும் சென்சார்கள் லேப்புக்கு லேப் அழுத்தம் ஏறுவதையும் மெதுவான பஞ்சரையும் காட்டும்; அதற்கு அருமையானவை. ஆனால் வேகத்தில் அந்த எடை ரப்பர் வால்வை வெளிப்பக்கம் இழுக்கும். உலோக வால்வு போட்டபிறகே மாட்டுங்கள். சென்சார் காட்டும் வெப்பநிலையை ரப்பரின் வெப்பநிலை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பிரேக் சூடும் அதில் கலந்திருக்கும்.

ரப்பரின் சூட்டுக்கு ஊசி வகை வெப்பமானிதான் சரி. அகச்சிவப்பு வகை மேற்பரப்பை மட்டும் பார்க்கும், அது பிட்டுக்குள் வருவதற்குள் ஆறிவிடும். உள், நடு, வெளி மூன்றிலும் குத்தி அளந்து பாருங்கள். இரு ஓரங்களின் சராசரியைவிட நடு சூடாக இருந்தால் காற்று அதிகம், ஆறிப்போயிருந்தால் குறைவு.

பெட்டியில் வால்வு கோர் (வால்வுக்குள் காற்றை அடைக்கும் சிறு பாகம்) திருகும் கருவியும் நான்கு புதிய கோர்களும் கிடக்கட்டும். மணல் புகுந்த கோர் மூடாமல் கசியும்.

கடைசி செஷனுக்குப் பின், பகலெல்லாம் இறக்கிய காற்றைத் திரும்பப் பிடிக்காமல் ரோட்டில் ஏறக்கூடாது. சூட்டில் 34 காட்டும் டயர் ஆறியதும் 27 அளவுக்கு இறங்கிவிடும். சாமான் கட்டும் நேரத்தில் டயர் ஆறட்டும். பிறகு கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்குப் பிடித்து, மூடிகளைப் போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.